யாழ்ப்பாணத்தில் தனியார் உளநல நிலையம் தொடங்கினால் வரிச்சலுகை கிடைக்குமா?

கோப்பாய் வளவு எழுதியது:

வணக்கம். வரி விசயம் தெரிந்தவர்களிடமும் உளநல வேலையில் இருப்பவர்களிடமும் சேர்த்தே கேட்கிறேன்.

கோப்பாயில் எங்களுக்கு 12 பரப்பு வளவும் அதற்குள் ஒரு பழைய நாற்சார் வீடும் இருக்கின்றன. அம்மா மோசம் போன பிறகு நான்கு பிள்ளைகளின் பெயரிலும் பிரிக்காமல் கிடக்கிறது. இரண்டு அண்ணன்மார் ரொறன்ரோவில், அக்கா பாரிஸில். ஊரில் நான் மட்டும்தான். கிளை விழுந்தால் வெட்டுவது, டெங்குக்காரர் வந்தால் கேற் திறப்பது எல்லாம் என் பொறுப்பு.

பெரியண்ணைக்கு ஒரு யோசனை. அந்த வளவில் 12 கட்டிலோடு ஒரு தங்கும் நிலையம் கட்டுவது. வைத்தியசாலை விடுதியில் (வார்ட்டில்) இருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியவர்கள், ஆனால் வீட்டில் தனியாகச் சமாளிக்க இன்னும் தயாராகாதவர்கள், இரண்டு மூன்று மாதம் இருந்து மருந்தோடு பழகிப் போகும் இடம். எங்கள் மச்சான் ஒருவர் இப்படித்தான் விடுதிக்கும் வீட்டுக்கும் அலைகிறார். வீட்டில் வயதான மாமி மட்டும். குளிசையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டுப் பிறகு துப்பினால் அவவுக்குக் கண் தெரியாது. துண்டு வெட்டி வந்து கொஞ்ச நாள் நல்லா இருப்பார், பிறகு பழையபடி.

அண்ணையும் அவருடைய கூட்டாளிகளும் 9 கோடி ரூபாய் வரை போடத் தயார். அதில் 6 கோடி கட்டடத்துக்கு. கூட்டாளிகளில் ஒருவர் சொல்கிறார், வடக்கில் முதலீடு செய்தால் போட்ட காசில் 200 வீதம் வரியில் கழிக்கலாம், ஐந்து வருடத்துக்கு வரியே இல்லை, அதனால் கொம்பனியாகப் பதிந்தால்தான் இலாபம் என்று. இது உண்மையா? கொம்பனியா, தர்ம நிறுவனமா, எது நல்லது? பதிவுக்கு யாரிடம் போக வேண்டும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உனக்கேன் இந்த வில்லங்கம்" என்று சொல்ல நினைப்பவர்கள் வரிசையில் நில்லுங்கள், எங்கள் ஒழுங்கையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நல்லூர்க் கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, கூட்டாளி சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அது உங்களுக்கு எழுதப்பட்ட சலுகையும் இல்லை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்த 200 வீதம் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வட மாகாணத்தில் பெறுமானத்தேய்வுக்குரிய, அதாவது கட்டடம் போலக் காலத்தோடு பெறுமதி தேயும், சொத்துகளில் 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போட்டால், போட்டதில் இரண்டு மடங்கை வருமானத்தில் இருந்து கழிக்கலாம். மற்ற மாகாணங்களில் 10 கோடி டொலர் வரைக்கும் 100 வீதம்தான். ஆக வடக்குக்கு ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், அது உண்மை. டொலரை 300 ரூபாயாக வைத்துப் பாருங்கள், 30 இலட்சம் டொலர் என்றால் 90 கோடி ரூபாய். உங்களுடைய 9 கோடி படலைக்குக் கிட்டவும் வராது. சின்ன முதலீட்டாளருக்கும் அதே 200 வீதத்தைக் கொடுத்த தற்காலிக ஏற்பாடு ஒன்று ஆறாம் அட்டவணையில் இருந்தது. சட்டம் தொடங்கி மூன்று வருடத்துக்குத்தான் அது. முடிந்துவிட்டது.

ஐந்து வருட வரி விடுமுறை என்பது பழைய முதலீட்டுச் சபைக் காலத்துக் கதை. 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் என்றும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பெரிய பெரிய திட்டங்களுக்கு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் வந்த பிறகு, புதிதாக வரிவிலக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் வாக்குக் கொடுத்திருக்கிறது. கோப்பாயில் 12 கட்டிலுக்காக அந்த வாக்கை மீறுவார்கள் என்று நான் நம்பவில்லை. சுகாதார சேவைக்கு 2020இல் 14 வீதம் என்ற குறைந்த வரி வந்தது. 2022 ஒக்டோபர் 1இல் இருந்து அதுவும் மற்றக் கொம்பனிகளைப் போல 30 வீதம்.

இனி இதைக் கவனமாக வாசியுங்கள். வரிச்சலுகை இலாபத்தில் இருந்துதான் கிடைக்கும். இலாபமே இல்லாதவனுக்கு 30 வீதமும் ஒன்றுதான், பூச்சியமும் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 6 கோடிக்குக் கட்டடம். கட்டடத்துக்குப் பெறுமானத்தேய்வு 20 வருடத்தில் சமமாக, அதாவது வருடம் 30 இலட்சம். எந்தச் சலுகையும் இல்லாமல் சாதாரணமாகக் கிடைப்பது இது. நாலாம் ஐந்தாம் வருடத்தில் தேய்வுக்கு முன் 40 இலட்சம் மிஞ்சுகிறது என்று பெருமனதோடு வைப்போம். 30 போக 10 இலட்சம். அதற்கு 30 வீதம், 3 இலட்சம். உங்கள் கூட்டாளி ஆசைப்படும் வரி விடுமுறை முழுதாகக் கிடைத்தாலும் மிச்சம் அந்த 3 இலட்சம்தான்.

மறுபக்கம் சம்பளம். இரவு பகலாக ஆள் வேண்டும். லீவுக்கு மாற்று ஆளோடு சேர்த்து, தாதியும் உதவியாளருமாக எட்டுப் பேர், சராசரி 75,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 6 இலட்சம். அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நீங்கள் கட்ட வேண்டும். அது மட்டும் மாதம் 90,000, வருடம் 10 இலட்சத்து 80 ஆயிரம். முதல் மாதத்தில் இருந்தே, ஒரு கட்டில்கூட நிரம்பாவிட்டாலும். சமையல், மின்சாரம், வந்து பார்க்கும் டொக்டர், மருந்து எதையும் நான் இன்னும் எழுதவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் வரிச்சலுகைதான் இந்தத் திட்டத்தைத் தூக்கி நிறுத்தும் என்று யாராவது சொன்னால், அவர் கட்டடம் விற்பவராக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வளவு நான்கு பேரின் பெயரில் என்கிறீர்கள். பெறுமானத்தேய்வை யார் கழிக்கலாம்? சொத்து யாருடையதோ, யார் அதைத் தொழிலுக்குப் பாவிக்கிறாரோ அவர். கொம்பனி கட்டடத்தைக் கட்டி, நிலம் உங்கள் நால்வர் பெயரில் வாய்ப்பேச்சில் கிடந்தால், நாளைக்கு இறைவரி அலுவலர் "இது யாருடைய கட்டடம்?" என்று கேட்பார். பதில் சொல்லக் காணி உறுதிப் பத்திரம் வேண்டும். நிலத்தின் விலைக்குத் தேய்வே கிடையாது, அதையும் சேர்த்துக் கனவு காண வேண்டாம்.

இரவுக்கடமை எழுதியது:

நான் வலிகாமத்தில் ஒரு அரச வைத்தியசாலை உளநல விடுதியில் தாதி. கணக்கு எனக்கு விளங்காது, அதை ஐயாவிடம் விடுகிறேன். கட்டில் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணை, நீங்கள் கேட்கும் இடம் உண்மையில் தேவையான இடம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் விடுதி இருக்கிறது, டொக்டர் இருக்கிறார், குளிசை இலவசம். கடும் நிலையில் வருபவரை நாங்கள் எடுப்போம், தணிந்ததும் துண்டு வெட்டுவோம். அதற்குப் பிறகுதான் பள்ளம். போர்க்காலத்தில் பாதை பூட்டியிருந்தபோது கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பவும் வழி இல்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கிராமத்து ஆட்களைப் பயிற்றி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை ஒன்றை இங்கே வளர்த்தார்கள். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளர்களை உருவாக்கியது. அந்த முறை இன்னும் இருக்கிறது, ஆனால் வீடு மாறிவிட்டது. முன்னர் ஒரு வீட்டில் ஏழு பேர், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் குளிசை கொடுப்பார். இப்போது உங்கள் மாமி மாதிரித் தனிய ஒரு அம்மா, பிள்ளைகள் வட்சப்பில்.

ஆனால் 12 கட்டில் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்களிடம் இருந்து வருபவர்களில் சிலர் குளோசபின் என்ற மனநோய்க் குளிசை எடுப்பவர்கள். முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு. மாத ஊசிக்காரருக்குத் தேதி தவறக்கூடாது. இதையெல்லாம் எழுதி வைத்து, கிளினிக்குக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவர ஆள் வேண்டும். ஓட்டோவுக்குக் காசு வேண்டும். ஐயாவின் எட்டுப் பேர் கணக்கில் இது இல்லை. எனக்கென்றால் பத்து.

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் நித்திரை இல்லாமல் எழும்பி நடந்தால், பக்கத்தில் இருந்து கதைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் 2022க்குப் பிறகு எத்தனை பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நீங்கள் எடுத்துப் பயிற்றி விட்டால் அவர்களுக்கும் ஒரு அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், அதோடு அவர்களும் போவார்கள். குறை சொல்லவில்லை, நானும் விண்ணப்பம் நிரப்பியவள்தான்.

பதிவைக் கேட்டீர்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் வழியாகத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்குப் போகும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று. மனநோயாளரை அவர் விருப்பம் இல்லாமல் வைத்திருப்பது பற்றிய சட்டம் 1873ஆம் ஆண்டினது, 1956இல் திருத்தியது. அது அரச வைத்தியசாலையையும் நீதிமன்றத்தையும் வைத்து எழுதியது. உங்கள் கேற்றைப் பூட்டி ஒருவரை உள்ளே வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. சொந்தக்காரர் காசு கட்டினாலும் இல்லை. விருப்பத்தோடு வருபவரை மட்டும் எடுங்கள். அவர் போகிறேன் என்றால் கதைத்துப் பாருங்கள், கேட்காவிட்டால் விடுங்கள், எங்களுக்கு அறிவியுங்கள்.

ஸ்காபரோ ரவி எழுதியது:

எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நல்ல மனிசனைப் பயப்படுத்துகிறீர்கள்.

நான் இங்கே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஆட்களிடம் காசு இருக்கிறது. ஊரில் ஹொட்டேல் கட்டுகிறார்கள், கலியாண மண்டபம் கட்டுகிறார்கள், கோயில் கோபுரத்துக்குக் கேட்காமலே கொடுக்கிறார்கள். உளநலத்துக்கு என்றால் பின்வாங்குகிறார்கள். ஏன்? திரும்பி வருமா என்ற பயம். வரிச்சலுகை அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். கையில் கிடைப்பது 3 இலட்சம்தான் என்றாலும் "அரசாங்கம் இதை விரும்புகிறது" என்ற அடையாளம் அது. எல்லாவற்றையும் சம்பளத் தாளை வைத்து அளக்காதீர்கள் ஐயா. வடக்குக்கென்று 30 இலட்சம் டொலர் எல்லையை 3 இலட்சமாகக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதினால் கையெழுத்துப் போட இங்கே ஆயிரம் பேர் வருவார்கள்.

அதோடு இங்கே நாங்கள் கொடுக்கும் காசுக்குக் கனடாவில் வரிக்கழிவு எடுக்கலாம்தானே? அதையும் சொல்லுங்கள்.

திருச்சி வெங்கடேசன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் அக்கரைக்காரன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், மருத்துவமனைக் கணக்குகள் நிறையக் கையில் வந்திருக்கின்றன. ரவி சார் சொன்னதை இந்தியாவில் இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று.

முதல் தடவை, பெருநகரங்களுக்கு வெளியே 2008 ஏப்ரலுக்கும் 2013 மார்ச்சுக்கும் இடையில் தொடங்கும் மருத்துவமனைக்கு ஐந்து ஆண்டு வருமான வரி கிடையாது என்றார்கள். பிறகு 2010 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் 35ஏடி என்ற பிரிவில் புது மருத்துவமனைக்குப் போட்ட மூலதனம் முழுவதையும் அந்த ஆண்டே கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 2012 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கியவற்றுக்கு அதை 150 சதவீதமாக்கி, பின்னால் 100க்கு இறக்கினார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி இங்கேயும் நிலத்தின் விலை அதில் சேராது.

இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, குறைந்தது 100 படுக்கை. மனநல இல்லம் 100 படுக்கையோடு யாரும் கட்டுவதில்லை, கட்டவும் கூடாது. அறுவை அரங்கும் ஸ்கேனும் உள்ள பெரிய மருத்துவமனைகள் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டன. என் மேசைக்கு வந்த கோப்புகளில் மனநலத்துக்கென்று ஒன்றும் வந்ததில்லை.

இங்கே நிலைமையை அசைத்தது என்று நான் நினைப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உடல் நோய்க்கு எப்படிக் காப்பீடு கொடுக்கிறாயோ அப்படியே மனநோய்க்கும் கொடு என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. 2018இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சுற்றறிக்கை விட்டது. நடைமுறையில் இழுபறி நிறைய, அதை மறைக்கவில்லை. ஆனாலும் பில் கட்ட மூன்றாவது ஒரு ஆள் வந்தான் என்பதே பெரிய விஷயம்.

இன்னொன்றை எழுத மனசு வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், மனநோய் குணமாகும் என்று நம்பி மக்கள் தர்காவுக்கு வரும் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. தனியார் முதலீடு வரட்டும் என்பவர்கள் முதலில் யார் வந்து சோதனை போடுவது என்று கேட்க வேண்டும். அந்தக் காப்பகங்களும் தனியார் முயற்சிதான், குடும்பங்கள் காசு கொடுத்துத்தான் விட்டார்கள்.

நல்லூர்க் கணக்குப்பிள்ளை எழுதியது:

வெங்கடேசன் அவர்களுக்கு நன்றி. 100 படுக்கை நிபந்தனையும் எங்கள் 30 இலட்சம் டொலரும் ஒரு தாய் பிள்ளைகள். சலுகையைப் பெரிய ஆளுக்கு அளந்து தைத்தால் சின்ன ஆள் போட முடியாது.

ரவி, நீங்கள் சொன்ன பயம் உண்மை. ஆனால் காசு திரும்பி வருமா என்ற பயத்துக்கு வரிக்கழிவு மருந்தாகாது. இந்த 12 பேருக்கும் மாதாமாதம் யார் காசு கட்டுவார்கள்? அதுதான் கேள்வி. கோப்பாயிலும் உரும்பிராயிலும் ஒரு குடும்பம் வெளிநாட்டுக் காசு இல்லாமல் மூன்று மாதம் கட்டுமா? காப்புறுதியும் பார்த்தேன். என் சொந்த வைத்தியக் காப்புறுதிப் பத்திரத்தில் மனநோய் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பக்கத்தில். அரச வைத்தியசாலை இலவசம். இலவசத்துக்குப் பக்கத்தில் கடை போடுகிறவன் என்ன விலை சொல்லுவான்?

ஆகவே மனு எழுதுவதானால் இதைக் கேளுங்கள். விடுதியில் இருந்து அனுப்பும் ஒருவருக்கு, நாளுக்கு இவ்வளவு என்று மாகாண சுகாதாரத் திணைக்களம் பதிவுபெற்ற நிலையத்துக்குக் கட்டட்டும். விடுதியில் ஒருவரை வைத்திருக்கவும் அரசாங்கத்துக்குச் செலவுதான், அதைவிடக் குறைவாகவே கொடுக்கட்டும். காசு கட்டுகிறவனுக்கு உள்ளே வந்து பார்க்க உரிமை வரும், இரவுக்கடமைப் பிள்ளை சொன்ன கேற், வெங்கடேசன் சொன்ன சங்கிலி எல்லாவற்றுக்கும் அது ஒரு காவல். வரியை விட்டுக்கொடுப்பவன் வந்து பார்க்க மாட்டான், அவனுக்குத் தெரிந்தது றிட்டேர்ன் படிவம் மட்டும். என்ன, வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் அலுவலர்களிடம்தான் மனுவைக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாசிப்பார்கள், கோப்பில் போடுவார்கள்.

கனடாக் கழிவு பற்றி. அங்கே பதிவு செய்த தர்ம நிறுவனம் ஒன்றின் வழியாகப் போனால்தான் வரிப் பற்றுச்சீட்டு. தம்பியின் வங்கிக் கணக்குக்கு அண்ணன் அனுப்பும் காசு அன்பளிப்பு, அவ்வளவுதான். கொம்பனிப் பங்காகப் போட்டால் அது முதலீடு, தர்மமே இல்லை.

தர்ம நிறுவனமாகப் பதிந்தால் என்ன என்று முதலில் கேட்டிருந்தீர்கள். நோயாளரையும் வறியவரையும் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனம் என்றால், அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனமாக விண்ணப்பிக்கலாம். அதன் வருமானத்துக்கு வரி 14 வீதம். கொடுப்பவருக்கும் கழிவு உண்டு, ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். தனிஆள் என்றால் வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. கொம்பனி என்றால் ஐந்தில் ஒன்று அல்லது 5 இலட்சம், எது குறைவோ அது. 75,000 ரூபாயை இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நேர அன்னதானத்துக்கும் காணாது என்பார்கள். நான் நிதி அமைச்சராக இருந்தால் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

அரசாங்கத்துக்கே கொடுத்தால் அந்த எல்லை கிடையாது. 2011இல் தெற்கு முனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். கட்டடம் கொடையாளிகளின் காசில், டொக்டரும் தாதியும் அரசாங்கத்தின் சம்பளத்தில். உங்கள் அண்ணைக்கு உண்மையான நோக்கம் மச்சான் போன்றவர்களுக்கு ஒரு இடம் என்றால், இந்த வழியையும் யோசியுங்கள். இருக்கிற ஒரு வைத்தியசாலை வளவுக்குள் 12 கட்டிலைக் கட்டிக் கையளிப்பது. எட்டுப் பேரா பத்துப் பேரா என்ற கவலை அப்போது உங்களுடையது இல்லை. பெயர்ப்பலகையில் அம்மாவின் பெயர் இருக்கும்.

இரவுக்கடமை எழுதியது:

ஐயா சொல்வது நல்லதுதான், ஆனால் ஒரு விசயம். கட்டிக் கையளித்த கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆளணி அனுமதி இல்லாமல் கட்டில் மட்டும் வந்தால் அதில் நாங்கள் பழைய பதிவுப் புத்தகங்களைத்தான் அடுக்குவோம். எத்தனை தாதி, எத்தனை உதவியாளர் என்று எழுத்தில் வாங்கிய பிறகு அத்திவாரம் வெட்டச் சொல்லுங்கள். வைத்தியசாலை வளவுக்குள் என்றால் இன்னொரு குறையும் இருக்கிறது. சிலர் அந்தக் கேற்றைக் கண்டாலே வர மாட்டார்கள். கோப்பாய் வளவில் மாமரமும் கிணறும் உள்ள வீடு என்றால் வருவார்கள். 12 வேண்டாம் அண்ணை, நாற்சார் வீட்டைத் திருத்தி ஆறோடு தொடங்குங்கள். பகலில் மட்டும் வந்து போகிறவர்களையும் எடுங்கள். இரவுச் சம்பளம் குறையும்.

கோப்பாய் வளவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு இந்தப் பக்கத்தை அண்ணைக்கு அனுப்பினேன். 200 வீதம் இல்லை என்றதும் கூட்டாளிகளில் இருவர் "யோசிப்போம்" என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணை மட்டும் நிற்கிறார். ஆறு கட்டில், பகல் நிலையம் என்ற யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. தாதி தங்கச்சி, கிளினிக் நாளில் ஒரு தரம் வந்து உங்களைக் காணலாமா?

ஐயாவிடம் ஒன்று. அக்காவுக்குத் தன் பங்கை விட மனம் இல்லை. விற்கவும் மாட்டா, தரவும் மாட்டா. அப்படி இருக்க அந்த வீட்டில் இதைத் தொடங்கலாமா?

நல்லூர்க் கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா விற்கவும் வேண்டாம், தரவும் வேண்டாம். நீங்கள் நால்வரும் சேர்ந்து நிலையத்துக்கு நீண்டகாலக் குத்தகை எழுதிக் கொடுக்கலாம். வாடகைக்கு ஒரு சிறு தொகை போட்டால் அக்காவுக்கும் தன் பங்கு தன்னிடம் இருக்கிறது என்ற ஆறுதல். பிரிக்காத சொத்து என்றபடியால் நான்கு கையெழுத்தும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் நொத்தாரிசு தொட மாட்டார். பின்னொரு நாள் யாராவது தன் பங்கை வெளியாருக்கு விற்க வெளிக்கிட்டால், மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் இருக்கிறது. அதையும் அக்காவுக்கு விளங்கப்படுத்துங்கள். உங்களை நம்பாவிட்டாலும் சட்டத்தை நம்புவா.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வரத் தேவையில்லை. தங்களுக்காக நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று உங்கள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் போதும். அண்ணன்மாருக்கு ரொறன்ரோவிலேயே எங்கள் துணைத்தூதரகம் இருக்கிறது, அக்கா பாரிஸ் தூதரகத்தில் வைத்து ஒப்பமிடட்டும். அவை வந்து சேர முன்னர் வீட்டில் ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்ற வேண்டாம். செலவுத் திட்டத்தை எழுதினால் எனக்கு அனுப்புங்கள், சம்பளப் பக்கத்தை மட்டும் முதலில் பார்க்கிறேன்.